வவுச்சர் இல்லாத கோப்பு

மட்டக்களப்பில் கணக்காய்வு வேலைக்குச் சேர்ந்த புதிதில் வவுச்சர் பார்க்கத்தான் எனக்குத் தெரியும். காசு போன இடத்தில் ஒரு தாள் இருக்கும். தாளில் பிழை இருந்தால் கேள்வி எழுதுவேன். ஓர் உள்ளூராட்சி சபையின் சந்தைக் கட்டடக் கோப்பில் அந்தப் பழக்கம் உதவவில்லை. தனியார் ஒருவர் தன் பணத்தில் கட்டுவார், 30 வருடம் நடத்துவார், பிறகு சபையிடம் ஒப்படைப்பார். "சபை ஒரு சதமும் செலவழிக்கல்ல சேர், இதில ஓடிட் பண்ண என்ன இருக்கு?" என்றார் எழுதுவினைஞர்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நன்கொடையாக நிறையக் கட்டித் தந்தார்கள். மண்முனைப் பாலம்கூட ஜப்பானின் நன்கொடைதான், 2014இல் திறந்தது. 'ஆரோ கட்டித் தாறாங்க' என்ற பேச்சு பழகிப்போன ஊரில் தனியார் முதலீடும் நன்கொடை மாதிரியே தெரிந்தது.

ஒப்பந்தத்தின் கடைசி இணைப்பில் ஒரு பந்தி கிடந்தது. கடைகள் குறிப்பிட்ட அளவுக்கு வாடகைக்குப் போகாவிட்டால், குறைகிற வருமானத்தைச் சபை ஈடுகட்ட வேண்டும். சபையின் நிதிக்கூற்றில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சபையே கடன் எடுத்துக் கட்டியிருந்தால் எவ்வளவு முடிந்திருக்கும் என்ற ஒப்பீட்டையும் யாரும் செய்திருக்கவில்லை.

சந்தைக்குப் போனேன். பாதிக் கடை பூட்டு. வெளியே வீதியோரம் மீன் விற்ற அம்மா சொன்னார்: "முந்தி டிக்கட்டுக் காசு குடுத்திட்டு உள்ளுக்க இருந்தன் மனே. இப்ப முற்பணம் கேக்காங்க." அங்கே நின்றபோதுதான் அந்தப் பந்தியின் முழு விஷமும் புரிந்தது. கடை காலியாகக் கிடந்தாலும் நடத்துபவருக்கு வருமானம் வருகிறது. பிறகு வாடகையைக் குறைக்க அவருக்கு என்ன தேவை?

அப்புறம் பிரித்தானியாவின் கணக்காய்வு அறிக்கைகளைத் தேடி வாசித்தேன். 1992இல் தொடங்கி அங்கே மருத்துவமனை, பாடசாலை, வீதி என்று தனியார் நிதியில் கட்டினார்கள். பெரும்பாலான திட்டங்களின் கடன் அரசின் கடன் கணக்கில் சேரவில்லை. 700க்கு மேற்பட்ட திட்டங்களுக்கு 2040கள் வரை இன்னும் 199 பில்லியன் பவுண் கட்ட வேண்டும் என்று 2018 ஜனவரியில் அந்நாட்டுத் தேசிய கணக்காய்வு அலுவலகம் சொன்னது. அதே மாதம் இப்படியான திட்டங்களை எடுத்திருந்த கரிலியன் என்ற கட்டுமான நிறுவனம் கடனில் மூழ்கி விழுந்தது. லிவர்பூலில் அது கட்டிக்கொண்டிருந்த மருத்துவமனை பாதியில் நிற்க, கடைசியில் அரசுதான் பொறுப்பெடுத்தது. ஒக்டோபரில் இனி இப்படிப் புதிய ஒப்பந்தம் இல்லை என்று அறிவித்தார்கள். தொகையை விட்டுப் பார்த்தால், எங்கள் சந்தையின் கதையும் அதுதான்.

நடத்துபவரின் கணக்கேடுகளைக் கேட்டேன், கிடைக்கவில்லை. அவற்றைக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. கையொப்பமிடும் நாளில் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

என் கேள்விக்குப் பதில் வர மூன்று மாதம் ஆனது. அடுத்த ஆண்டுக் கணக்கின் குறிப்பில் அந்த ஈட்டுப் பொறுப்பைச் சேர்த்தார்கள். வாடகை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த அம்மா இப்போதும் வீதியோரத்தில்தான் பெட்டியை வைத்துக்கொண்டு இருக்கிறார்.