உப்பளத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் வேண்டும்

ஜூன் மாதம் சேர்க்கை தொடங்கினால் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும் தாய்மார் கேட்பது ஒன்றுதான். "டீச்சர், நம்ம பள்ளிக்கூடத்தை எப்போ இங்கிலீஷ் மீடியம் ஆக்கப் போறீய?" ஆக்கப் போவதில்லை என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்று அவர்களை உட்கார வைத்துச் சொல்வதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

எங்களுடையது தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பளத்தை ஒட்டி இருக்கும் நடுநிலைப் பள்ளி. கிறிஸ்தவ சபையார் நடத்துவது, அரசு உதவி பெறுவது. 1820-இல் ஜெர்மன் மிஷனரி இரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு, இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவக் கோயில் எழும்பிய ஊர் பலவற்றில் பள்ளிக்கூடமும் எழும்பியது. அந்த வழியில் வந்ததுதான் இதுவும். படிப்பவர்களில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். காலை ஜெபம் உண்டு, கட்டாயம் இல்லை. அம்மன் கோயில் கொடைக்கு உள்ளூர் விடுமுறையும் உண்டு. மதம் மாறச் சொல்லி யாரையும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டோம். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே ஆண்டவருக்குச் செய்யும் ஊழியம் என்று நம்புகிறவள் நான்.

பெற்றோர் விடியும் முன்பே அளத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரியாக வேண்டும். பிள்ளைகள் தாங்களே எழுந்து, தாங்களே தலைவாரி வருவார்கள். 2024 ஜூலையில் காலை உணவுத் திட்டம் ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து, ஐந்தாம் வகுப்பு வரை முதல் பீரியடில் சோர்ந்து படுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அளத்தில் வேலையே கிடையாது. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தில் அரிசி, மளிகை போக என்ன மிஞ்சும்?

இப்படிப்பட்ட வீட்டிலும் குழு லோன் எடுத்து, வேன் அனுப்பும் ஆங்கிலப் பள்ளிக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். அந்தத் தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலம் தெரியாததால் தாங்கள் எங்கெங்கே தலைகுனிந்து நின்றோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஃபீஸ் கட்ட முடியாமல் நான்காம் வகுப்பில் எங்களிடம் திரும்பி வருகிற பிள்ளையைப் பார்த்தால் வயிறு எரியும். ஆங்கிலப் பாட்டைக் கணீரென்று பாடும். செய்தித்தாள் தலைப்பைத் தமிழில் எழுத்துக் கூட்டத் தெரியாது, ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு வரிக்கும் பொருள் தெரியாது.

காசுக் கணக்கும் இருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அது உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது, ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் 20 சதவீதம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு. அதையும் பிறகு திருத்தி, பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். வாசல் போர்டை இங்கிலீஷ் மீடியம் என்று மாற்றினால் இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் போய்விடும்.

அதனால் தமிழ் வழியாகவே வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை உள்ளே கொண்டுவந்தோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து தினம் ஒரு பீரியட் பேச்சு மட்டும், நோட்டே கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கும் அறிவியலும் இரண்டு மொழியிலும், முதலில் தமிழ்.

ஆவியாதல் பாடம் நடந்த அன்று நான் பின் பெஞ்சில் இருந்தேன். அளத்தில் தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரிக் கணக்கில் பார்க்கும் அப்பாவோடு சனிக்கிழமைகளில் போய்வருகிற பையன் ஒருவன் எழுந்தான். "கடல் தண்ணி 3 டிகிரிதான் டீச்சர். பாத்தி பாத்தியா மாத்தி விட்டா ஏறும். 25-ல உப்பு விழும். 30 தாண்ட விட்டா கசந்துரும்." எதனால் கசக்கும் என்று டீச்சர் கேட்க, மக்னீசியத்துக்குப் பாடம் நகர்ந்தது. இத்தனையும் தமிழில் முடிந்த பிறகுதான் ஆங்கிலம் வந்தது. அவனே சொன்னான்: "வாட்டர் கோஸ். சால்ட் ஸ்டேஸ்." அதில் இலக்கணப் பிழையும் இல்லை, அறிவியல் பிழையும் இல்லை. தனக்குத் தெரிந்ததை இன்னொரு மொழியில் சொன்ன பிள்ளையின் குரல் தடுமாறவே இல்லை.

ஆங்கிலத்துக்கு இருக்கும் இரண்டு டீச்சர்களுக்கும் அரசுச் சம்பளம் கிடையாது. சுற்று வட்டாரச் சபைகள் சேர்ந்த சேகரம்தான் கொடுக்கிறது. கைப்பிடி அரிசிக் காணிக்கையும், அறுப்பின் பண்டிகையில் தேங்காயும் சேவலும் ஏலம் போகும் பணமும்தான் அது. ஒரு வாழைத்தாரை வேண்டுமென்றே விலையேற்றி எடுக்கும் அண்ணாச்சிமாருக்கு அது எங்கே போகிறது என்று நன்றாகவே தெரியும்.

அந்த இரண்டு டீச்சர்களில் ஒருவர் திருமணமாகி மே மாதத்தோடு ஊரை விட்டுப் போகிறார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆள் தேவை. பி.எட். முடித்தவராக, தமிழும் ஆங்கிலமும் தயங்காமல் பேசுகிறவராக இருக்க வேண்டும். எந்த மதத்தவரானாலும் சரி. சம்பளம் குறைவு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்க இடமும் மதியச் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். தெரிந்தவர்கள் இருந்தால் ஏப்ரலுக்குள் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.