திறப்பு விழுற சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு விறாந்தையிலை கதிரையைப் போட்டு, கையிலை கேட் திறப்பைப் பிடிச்சுக்கொண்டு, அதுக்கு நேர கீழை ஒரு சில்வர் கோப்பையைக் கவுத்து வச்சிட்டு நித்திரை கொள்ளப் பாத்தனான். அம்மா எட்டிப் பாத்திட்டு ஒண்டும் கேக்காமல் உள்ளுக்குப் போட்டா.

இது கனவுகளைக் கீறுற சர்ரியலிச இயக்கத்து ஓவியர் சல்வடோர் டாலி சொல்லித்தந்த வழி, 1948 இலை வந்த அவரின்ர ஓவியப் புத்தகத்திலை இருக்கு. கண் அயர்ந்த உடனை விரல் தளரும், திறப்பு கோப்பையிலை விழும், சத்தத்துக்கு முழிப்பு வரும், அந்த ஒரு நொடி நித்திரையே காணும் எண்டுறார்.

எனக்கு மூண்டு தரம் விழுந்தது. முதல் ரெண்டும் வெறும் இருட்டு. மூண்டாவதிலை ஒரு மான், எங்கட திருகோணமலைக் கோட்டைக்குள்ளையும் பஸ் ஸ்டாண்டிலையும் திரியிற அதே புள்ளிமான், ஆனா கொம்பு இருக்கிற இடத்திலை கோணேசர் மலைப் பாறை, பாறையிலை ராவணன் வெட்டு எண்டுற பிளவு, வெட்டுக்குள்ளாலை கடல் தண்ணி வழிஞ்சு மானின்ர கண்ணுக்குள்ளை போகுது, அது தன்ரபாட்டிலை பொலித்தீன் பையைத் தின்னுது. ஓடிப்போய்க் கொப்பியிலை கீறினன்.

முந்தி நான் சர்ரியலிசம் எண்டா மனசிலை வாறதைக் கண்டபடி கலந்து கீறுறது எண்டுதான் நினைச்சிருந்தனான். டாலியின்ர அந்த உருகி வழியிற மணிக்கூட்டுப் படத்தை எடுங்கோ, 1931 இலை கீறினது, இப்ப நியூயோர்க்கிலை இருக்கு, அளவு 24 க்கு 33 சென்ரிமீற்றர்தான், ஏ4 தாளை விடக் கொஞ்சம் பெரிசு. அதிலை தூரத்திலை வெயில் பட்டு நிக்கிற பாறை அவர் சின்னனிலையிருந்து பாத்த கற்றலோனியாக் கடற்கரைப் பாறை. மணிக்கூடு உருகலாம், ஆனா அந்தப் பாறையும் வெளிச்சமும் அப்பிடியே அச்சொட்டா இருக்கு, அதாலைதான் அந்தக் கனவை எங்களாலை நம்ப முடியுது.

சர்ரியலிச இயக்கத்துக்கு 1924 இலை பாரிசிலை அறிக்கை எழுதின அந்த்ரே பிரெத்தோன் மருத்துவம் படிச்சவர், முதலாம் உலக யுத்த நேரம் மனநோய் ஆஸ்பத்திரியிலை வேலை செய்து, சண்டையிலை மனம் உடைஞ்சு வந்த ஆமிக்காரர் கதைக்கிறதைப் பக்கத்திலை இருந்து கேட்டவர். கனவுகளை ஆராய்ஞ்ச டொக்டர் ஃபிராய்டின்ர கருத்துகளை அறிஞ்சதும் அந்தக் காலத்திலைதான். இதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு அம்மம்மா ஞாபகம் வந்து கனநேரம் பேசாமல் இருந்தனான்.

சண்டைக்கு இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு அம்மம்மாவுக்கு ஒரே கனவுதான். கூரை இருக்கிற இடத்திலை கடல் நிக்கும், ஒரு சொட்டும் கீழை விழாது, கீழை அடுப்பிலை சோறு பொங்கும், அவ அகப்பையோடை மேலை பாத்துக்கொண்டு நிப்பா. கேட்ட ஆக்கள் எல்லாம் ஒவ்வொரு பலன் சொல்லிச்சினம், ஒராள் சனி எண்டார், இன்னொராள் அர்ச்சனை செய்யச் சொன்னார். அம்மம்மா பலனே கேக்கேல்லை. ஒவ்வொரு முறையும் எந்த அகப்பை, தண்ணி என்ன நிறம், சோறு எவ்வளவு வெந்தது எண்டு மாறாமல் சொல்லுவா, அவ்வளவுதான். டாலியின்ர பாறை மாதிரி.

இப்ப மானை விட்டிட்டன். அம்மம்மாவின்ர கனவைக் கீறத் தொடங்கியிருக்கிறன், மேலை கடல் வந்திட்டுது, உட்துறைமுகத்திலை பின்னேரம் தெரியிற கடும் பச்சை. அடுப்பிலை வந்து நிண்டிட்டன். நேற்று அம்மாட்டைப் போய் அது எந்தப் பானை எண்டு கேட்டனான்.

"அலுமினியப் பானை, ஒரு பக்கம் நெளிஞ்சது. ஏன்?"

சொன்னன். அம்மா பென்சிலை வாங்கி, நெளிவு எந்தப் பக்கம் எண்டு தானே கீறிக் காட்டினா.