பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?

2018 டிசம்பரில் எத்தியோப்பியாவில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசியைப் போடத் தொடங்கினார்கள். உலகம் முழுக்க அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. அதனால் ஒன்பது முதல் பதினான்கு வரை எல்லாருக்கும் என்று போகாமல், பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். நான் அப்போது தெற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். தடுப்பூசிக்குச் சில மாதங்கள் முன்பு, தெரிந்த சுகாதார அலுவலர் ஒருவர் வந்து ஒரு தாளை நீட்டினார். வொரேடா வாரியாகக் குழந்தைகள், இளைஞர்கள் எண்ணிக்கை, வயதும் பாலும் பிரித்து வேண்டும். அதில் பதினான்கு வயதுப் பெண்கள் மட்டும் தனிக் கட்டத்தில்.

"ஒரு வாரம் போதுமா, மெம்ஹிர்?" என்று கேட்டார். மெம்ஹிர் என்றால் வாத்தியார். போதும் என்று சொன்னேன். ஏழு வாரம் ஆனது.

வொரேடா என்பதை நம் ஊர் தாலுகாவோடு ஒப்பிடலாம். மேலே பிராந்தியம், அதன் கீழே மண்டலம், பிறகு வொரேடா, கடைசியில் கெபெலே. தடுப்பூசி, பள்ளிக்கூடம், பட்ஜெட் எல்லாம் வந்து இறங்குகிற இடம் வொரேடாதான். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அங்கே கடைசியாக நடந்தது 2007-இல். அதற்கு முன் 1994, அதற்கும் முன் 1984. நான்காவது 2017-இல் நடந்திருக்க வேண்டியது. தள்ளிப் போட்டார்கள், மறுபடி தள்ளினார்கள், 2019-இலும் நடக்கவில்லை. ஆக 2018-இல் பதினான்கு வயதான எந்தப் பிள்ளையும் கடைசிக் கணக்கெடுப்பின்போது மூன்று வயது தாண்டியிருக்காது. கையில் இருந்த தாளில் அவளைத் தேட வேண்டுமென்றால், இடுப்பில் இருக்கிற குழந்தைகளில்தான் தேட வேண்டும்.

முதலில் வொரேடா மொத்தம். மத்தியப் புள்ளியியல் முகமை 2013-இல் வெளியிட்ட ஒரு கணிப்பில் 2014 முதல் 2017 வரை ஒவ்வொரு வொரேடாவுக்கும் ஆண், பெண், நகரம், கிராமம் என்று எண்கள் இருந்தன. வயது இல்லை. வயதுக் கட்டமைப்பை நான் மண்டல அளவில் எடுத்து, வொரேடாவுக்கு இறக்கினேன். ஒரே மண்டலத்துக்குள் சந்தை ஊரும் மலைக் கிராமமும் ஒரே வயது வரிசையில் இருக்கும் என்று நம்பிச் செய்கிற வேலை இது. எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு வழியும் இல்லை.

அடுத்த இரண்டு வாரத்தைப் பெயர்கள் தின்றன. அம்ஹாரிக் எழுத்திலிருந்து ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது ஒவ்வொருவரும் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவார்கள். ஷோவா, ஷேவா, கோண்டர், கோண்டார், அவாசா, ஹவாசா. ஒரோமியாவில் 'குபே' என்கிற லத்தீன் எழுத்துமுறை இருப்பதால் அங்கே எழுத்துக்கூட்டலே வேறு. நஸ்ரெத்தும் அடாமாவும் ஒரே ஊர், டெப்ரே செய்ட்டும் பிஷோஃப்டுவும் ஒரே ஊர் என்பது தெரியாதவன் ஒரு ஊரை இரண்டாக எண்ணுவான்.

நான் செய்தது அதற்கு நேர் எதிரான தப்பு. இரண்டு ஊரை ஒன்றாக்கினேன். எங்கள் பக்கத்துக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். பிராந்திய மொத்தத்தோடு சரிபார்க்க வசதியாக இருக்குமே என்று நாடு முழுவதற்கும் அட்டவணையைத் தைக்க ஆரம்பித்தேன். பாபிலே என்று ஒரு வொரேடா ஒரோமியாவில் இருக்கிறது, சோமாலி பிராந்தியத்திலும் இருக்கிறது. மொயாலேயும் அப்படித்தான், இரண்டு பிராந்தியத்திலும் உண்டு. எல்லை தாண்டினால் கென்யாவிலும் ஒரு மொயாலே. கோரோ என்று பாலேயில் ஒன்று, தென்மேற்கு ஷோவாவில் ஒன்று. பெயரை வைத்து எக்செலில் இணைத்ததில் சோமாலி பாபிலேயின் பிள்ளைகள் எல்லாம் ஒரோமியாவுக்குக் குடிபோய்விட்டார்கள். எக்செல் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் செய்து கொடுத்தது.

அப்புறம்தான் ஐ.நா.வின் மனிதாபிமான அலுவலகம் வைத்திருக்கிற இடக்குறியீட்டுக்கு மாறினேன். நாட்டின் எழுத்து, பிறகு பிராந்தியத்துக்கு இரண்டு இலக்கம், மண்டலத்துக்கு இரண்டு, வொரேடாவுக்கு இரண்டு. அதிலும் ஒரு பயம் காத்திருந்தது. பிராந்திய எண்கள் 01, 02 என்று வந்து 07-க்குப் பிறகு நேரே 12-க்குத் தாவின. நான்கு பிராந்தியத்தை அழித்துவிட்டேன் போல என்று பழைய கோப்புகளை ராத்திரி பதினோரு மணிக்குத் திறந்து பார்த்தேன். அழியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நாட்டைப் பதினான்காகப் பிரித்து எண் கொடுத்தார்கள். பிறகு ஏழு முதல் பதினொன்று வரை ஐந்தையும் சேர்த்துத் தென் பிராந்தியம் ஆக்கினார்கள். மற்றவற்றின் எண் அப்படியே நின்றுவிட்டது. காம்பெல்லா இன்றும் 12-தான். (அந்தத் தென் பிராந்தியம் இப்போது மறுபடி உடைந்துவிட்டது. 2020-இல் சிடாமா, 2021-இல் தென்மேற்கு, 2023-இல் மிச்சமும் இரண்டாக. இந்த வேலையை இன்று யாராவது தொடங்கினால் என் அனுதாபங்கள்.)

வொரேடாக்களும் சும்மா இருக்கவில்லை. 2007-க்குப் பிறகு நிறைய வொரேடாக்கள் பிரிந்தன. புது வொரேடாவுக்குப் பழைய எண் எங்கே கிடைக்கும்? எந்தெந்த கெபெலேக்கள் எந்தப் பக்கம் போயின என்று தெரிந்தால் கூட்டிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலைச் சுகாதாரத் துறையில் கேட்டேன், கல்வித் துறையில் கேட்டேன், கடைசியில் மண்டல நிதி அலுவலகத்தில் ஒரு பச்சை நிறக் கோப்பில் கிடைத்தது. பட்ஜெட் தலைக்கணக்கில் பிரிவதால் யார் யாருடைய ஆள் என்பது நிதிக்காரர்களுக்கு மட்டும் மறப்பதே இல்லை. கோப்பை எடுத்துக் கொடுத்தவர் அறுபதை நெருங்கியவர். பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு இந்திய வாத்தியார் என்று சொல்லிக் காப்பி வரவழைத்தார். அந்த வயதுக்காரர்களிடம் இதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். முதல் சுற்றுக் காப்பிக்கு அபோல் என்று பெயர், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. மூன்றும் முடிந்த பிறகுதான் கோப்பை நகலெடுக்க விட்டார்.

இனி வயது. இங்கேதான் உண்மையான சிக்கல்.

நம் பக்கத்தில் வயது கேட்டால் 'நாற்பது இருக்கும்' என்பார்கள் பாருங்கள், அதேதான். பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிகிற வயதில் ஆட்கள் குவிவார்கள். இதை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு: குவிப்பே இல்லையென்றால் 100, எல்லாருமே பூஜ்யம், ஐந்து என்று சொன்னால் 500. வகுப்பில் வருடா வருடம் நடத்துகிற பாடம். ஆனால் அது பார்ப்பது 23 முதல் 62 வரை உள்ள வயதை மட்டும். குழந்தைகள் அதன் கண்ணில் படவே மாட்டார்கள். எனக்குத் தேவைப்பட்டதோ பதினான்கு, பதினைந்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி. பதினைந்தின் குவியல் முதலில் உறிஞ்சுவது பதினான்கைத்தான்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொரு தொல்லை. எத்தியோப்பியக் கணக்கெடுப்புகளில் பத்து முதல் பதினான்கு வரை ஆண் பிள்ளைகள் அதிகமாகத் தெரிவார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் பெண்கள் அதிகமாகத் தெரிவார்கள். ஊரே பெண்களை நடுவில் பெற்றெடுத்ததா என்ன? வளர்ந்த தோற்றம் உள்ள பெண்ணுக்கும், கல்யாணம் ஆன பெண்ணுக்கும் இரண்டு மூன்று வயது கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். சட்டப்படி கல்யாண வயது பதினெட்டு. அந்தக் கேள்விக்கு வீட்டில் எப்படிப் பதில் வரும் என்று நீங்களே ஊகிக்கலாம். அது போக, கிராமத்துப் பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு நகரத்துக்குப் போகிறார்கள். 2007-இல் அடிஸ் அபாபாவில் ஆண்கள் 13 லட்சத்து 5 ஆயிரம், பெண்கள் 14 லட்சத்து 34 ஆயிரம். அதே வருடம் சோமாலி பிராந்தியத்தில் ஆண்கள் 24 லட்சத்து 72 ஆயிரம், பெண்கள் 19 லட்சத்து 73 ஆயிரம். நூறு பெண்ணுக்கு நூற்று இருபத்தைந்து ஆண். அஃபாரிலும் கிட்டத்தட்ட அதே விகிதம். மேய்ச்சலுக்கு இடம் மாறுகிற குடும்பங்களில் பெண்கள் எண்ணப்படாமல் போயிருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. அந்த விகிதத்தை அப்படியே இறக்கினால் அங்கே தடுப்பூசியும் குறைவாகத்தான் போகும்.

நான் செய்தது இது. ஒற்றை வயது எண்களைத் தொடவே இல்லை. ஐந்து ஐந்தாக உள்ள தொகுதிகளை எடுத்து, முதலில் அவற்றைச் சமன் செய்து, பிறகு ஸ்ப்ராக் பெருக்கெண்களை வைத்து ஒற்றை வயதாகப் பிரித்தேன். பத்து-பதினான்கு தொகுதியை ஐந்தால் வகுத்துவிட்டால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். 2007-இல் அந்த நாட்டு மக்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பதினைந்து வயதுக்குக் கீழே. கீழே போகப் போக அகலும் கூம்பு அது. அதில் பத்து வயதுக்காரர்கள் பதினான்கு வயதுக்காரர்களைவிட அதிகம்தான் இருப்பார்கள். ஐந்தால் வகுத்தால் பதினான்கு வீங்கும். ஸ்ப்ராக் முறை இரண்டு பக்கத்துத் தொகுதிகளையும் பார்த்துவிட்டுப் பிரிக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் பிராந்திய மொத்தத்தோடு ஒத்துப்போகும்வரை வரிசையாகவும் நெடுக்காகவும் மாற்றி மாற்றிச் சரிசெய்தேன்.

இளைஞர் பகுதி பெரிய வேலை இல்லை, ஆனால் சண்டை அதில்தான் வந்தது. ஐ.நா. கணக்கில் இளைஞர் 15 முதல் 24. எத்தியோப்பியாவின் 2004 இளைஞர் கொள்கையில் 15 முதல் 29. ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்தில் 15 முதல் 35. குழந்தை என்றால் பதினெட்டுக்குக் கீழே. ஆகவே பதினாறு வயதுப் பையன் குழந்தைப் பத்தியிலும் இளைஞர் பத்தியிலும் நிற்பான். கூட்டினால் மொத்தம் இடிக்கிறதே என்று ஒருவர் கோபப்பட்டார். கூட்டாதீர்கள் என்றேன்.

எல்லாம் முடித்து அனுப்பினேன். இரண்டு நாளில் அந்த அலுவலர் கூப்பிட்டார். குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"மெம்ஹிர், எங்கள் ஜனங்கள் குறைந்துவிட்டார்களே?"

தாளில் 'அடிப்படை ஆண்டு 2011' என்று இருந்தது. நானும் 2011-க்கு எல்லாவற்றையும் சரிக்கட்டி அனுப்பியிருந்தேன். அது அவர்கள் காலண்டர். பதின்மூன்று மாதம், நம்மைவிட ஏழெட்டு வருடம் பின்னே. 2018 செப்டம்பரில் பிறந்த புத்தாண்டுதான் 2011. அந்த நாட்டில் மூன்று வருடம் உட்கார்ந்து, சம்பளச் சீட்டில் மாதா மாதம் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மறுபடி ஒரு வாரம்.

தடுப்பூசி தொடங்கியபோது ஒரு கெபெலேக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். பள்ளியில் இருக்கிற பிள்ளைகளுக்கு அங்கேயே. பள்ளிக்கு வராதவர்களைத் தேடி வீட்டுக்கு. ஒவ்வொரு கெபெலேயிலும் சுகாதார விரிவாக்கப் பணியாளர்களாக இரண்டு பெண்கள் இருப்பார்கள். எங்களோடு வந்தவரிடம் ஒரு நோட்டு. அவரே வீடு வீடாகப் போய் எழுதியது. என் அட்டவணையில் அந்த கெபெலேக்கு வந்த எண்ணும் அவர் நோட்டில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. அவரிடம் குறைவு. மருந்துக் குப்பிகள் என் எண்ணுக்கு வந்திருந்தன, ஊசி அவர் எண்ணுக்குப் போயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒரு வீட்டில் ஒரு பெண் பிள்ளை வாசலில் நின்றாள். வயது கேட்டதும் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "பதினைந்து" என்றார். பணியாளர் நோட்டில் எழுதவில்லை. தொண்ணூற்றேழு தேர்தல் அன்றைக்கு இவள் எப்படி இருந்தாள் என்று கேட்டார். அவர்கள் காலண்டரில் தொண்ணூற்றேழு என்றால் 2005. அந்த மே மாதத் தேர்தலை மறந்தவர்கள் அந்த நாட்டில் இல்லை.

அம்மா யோசித்தார். ஓட்டுப் போட வரிசையில் நிற்கும்போது முதுகில் கட்டியிருந்தேன், இறக்கிவிட்டால் தவழ்ந்து ஓடிவிடுவாள் என்று இறக்கவே இல்லை என்றார்.

பணியாளர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு 14 என்று எழுதினார். பிள்ளை சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.