57 நாள் நோன்பும் பத்தாம் பாட்டும்

சிறு வயதில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஓதுவாரோடு சேர்ந்து தேவாரம் பாடிப் பழகியவன் நான். திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் சாடுவதாக அமைந்திருக்கும். பண்ணோடு சேர்ந்து, சமணர் என்றால் தலைமயிரைப் பறித்துக்கொள்பவர்கள், குளிக்காதவர்கள் என்ற சித்திரமும் என் மனத்தில் பதிந்துவிட்டது. ஒரு சமணரைக்கூட நேரில் கண்டிராத வயதிலேயே அவர்களைப் பற்றி முடிவு கட்டியிருந்தேன் என்பது இன்று நினைத்தாலும் வருத்தமளிக்கிறது.

கல்லூரியில் தமிழ் படித்தபோதுதான் உ.வே.சாமிநாதையரின் அனுபவத்தை அறிந்தேன். திருவாவடுதுறை ஆதீனச் சூழலில் சைவ நூல்களைக் கற்றுத் தேர்ந்த அவரிடம், 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று சேலம் இராமசாமி முதலியார் கேட்டார். சுவடியைக் கையில் எடுத்த ஐயருக்கு, சமண சமயக் கருத்துகள் விளங்காமல் அந்நூல் நகராது என்பது புரிந்தது. சமணரைக் கண்டித்து எழுதப்பட்ட நூல்களில் அவர் விளக்கம் தேடவில்லை. அவ்வூரிலேயே வாழ்ந்த சமணர்களின் வீடு தேடிச் சென்று, மாணவராக அமர்ந்து கேட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. ஒரு சமயத்தை அதைக் கைக்கொண்டு வாழ்பவர்களின் வாயால் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

நானும் அவ்வாறே படிக்கத் தொடங்கினேன். சவரக் கத்திகூட ஓர் உடைமை, அதற்காகப் பிறரைச் சார்ந்திருப்பதும் ஒரு பற்று என்று கருதியே சமணத் துறவிகள் தம் கையால் மயிரைக் களைகிறார்கள். நீரில் வாழும் சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதும் அவர்கள் நீராடாததற்கு ஒரு காரணம். நான் ஏளனமாக அறிந்திருந்த இரண்டுமே கொல்லாமை, பற்றின்மை ஆகிய நோன்புகளின் பகுதிகள்.

சில ஆண்டுகளுக்கு முன் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்குச் சென்றேன். பாறையில், சமணர் வணங்கும் அருளாளர்களான 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடம் அது என்று அங்குள்ள பழங்கல்வெட்டு தமிழில் கூறுகிறது. அந்த எழுத்துகளுக்கு முன் நெடுநேரம் நின்றேன்.

அன்று மாலை அப்பகுதித் தமிழ்ச் சமணர் வீடொன்றில் உணவருந்தினேன். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, தண்ணீரை வடிகட்டிக் கொடுத்தார்கள். இருட்டிய பின் அவர்கள் உண்பதில்லையாதலால், "பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க தம்பி" என்று அவ்வீட்டுப் பாட்டி இலை போட்டார். நான் தேவாரம் பாடுபவன் என்று தயக்கத்தோடுதான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "உங்க அப்பர் எங்க சமயத்துல தருமசேனரா இருந்தவராச்சே, அவர் பாட்டு ஒண்ணு பாடுங்க" என்றார்.

ஆயிரம் முறை பாடிய அப்பரை, சமணப் பள்ளியில் கற்றுத் தலைமை பெற்றிருந்த ஒருவராக அதற்குமுன் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. கை கழுவிவிட்டுத் திண்ணையில் அமர்ந்து, 'மாசில் வீணையும் மாலை மதியமும்' பாடினேன். பாட்டி கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.