சிகரில்லோவைப் பெயர் சொல்லித்தான் எதிர்க்க வேண்டும்

அமெரிக்காவில் ஒரு கறுப்பின இளைஞரிடம் "சுருட்டு பிடிப்பீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லக்கூடும். "பிளாக் அண்ட் மைல்ட்?" என்று ஒரு சுருட்டு பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அதுவா, பிடிப்பேனே" என்பார். ஒஹாயோ மாநிலத்தின் குயஹோகா கவுன்டியில் பள்ளி மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் இந்த பிராண்டின் பெயரைச் சேர்த்துக் கேட்ட பிறகுதான், பொதுவான சுருட்டுக் கேள்வி எத்தனை பேரை நழுவவிடுகிறது என்று தெரிந்தது. அது வெளியானது 2009இல். விழிப்புணர்வு வாசகம் எழுதுகிறவர்கள் இன்றும் அதே தவறைச் செய்கிறார்கள். "புகைக்காதீர்கள்" என்ற பலகையைப் பார்ப்பவர், அது சிகரெட்காரர்களுக்கு என்று நினைத்துக் கடந்துபோகிறார்.

இவர்கள் வாங்குவது பெரும்பாலும் சிகரில்லோ என்ற சிறிய வகைச் சுருட்டு. சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை இருக்கும். சிகரில்லோவில் ஏறக்குறைய மூன்று கிராம். ஆயிரம் சுருட்டின் எடை மூன்று பவுண்டுக்குள் இருந்தால் சட்டப்படி அது 'சின்னச் சுருட்டு', தாண்டினால் 'பெரிய சுருட்டு'. 2009இல் சின்னச் சுருட்டின் மத்திய வரியை சிகரெட் வரிக்கு இணையாக உயர்த்தினார்கள். சில நிறுவனங்கள் எடையை ஒரு துளி கூட்டி, விலையில் சதவீதமாக வரி கட்டும் 'பெரிய' வகைக்குத் தாவிவிட்டன. மலிவான பொருளுக்குச் சதவீத வரி எவ்வளவு வந்துவிடும்! அதே ஆண்டு சிகரெட்டில் மெந்தால் தவிர மற்ற சுவைகளுக்குத் தடை வந்தது. சுருட்டுக்கு அந்தத் தடை இல்லை. திராட்சையும் மாம்பழமும் தேனும் அங்கே தொடர்ந்தன. சுவைச் சுருட்டுகளைத் தடைசெய்ய 2022இல் எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) முன்வைத்த விதி 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

இதோடு விலை. ஒரு டாலருக்குள் இரண்டு, சில கடைகளில் மூன்று. வாஷிங்டன் டி.சி.யில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதிகளில் இவை அதிகக் கடைகளில் கிடைத்தன, கடைக்கு வெளியே விளம்பரமும் அதிகம், விலையும் குறைவு. எனவே "கறுப்பின இளைஞர்கள் ஏன் இதை விரும்புகிறார்கள்?" என்று ஆரம்பிக்கும் எந்தத் திட்டமும் பாதி தவறான இடத்தில் ஆரம்பிக்கிறது. யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பதையும் வாசகம் சொல்ல வேண்டும்.

உண்மையான வேலை புகைப்பவர்களின் தவறான நம்பிக்கைகளோடுதான். முதலாவது, "நான் புகையை உள்ளே இழுப்பதில்லை". சுருட்டுப் புகை சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை (அமிலத்தன்மைக்கு எதிரானது) கொண்டது; அதனால் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் புகை நுரையீரலுக்குள் போகவேண்டும் என்ற அவசியம் இல்லை.

இரண்டாவது, 'ஃப்ரீக்கிங்'. புகையிலையைத் தட்டிக் கொட்டி, உள்ளே இருக்கும் மெல்லிய தாளை உருவி எடுத்துவிட்டு, மறுபடி நிரப்பிப் புகைப்பது. அந்தத் தாளுக்கு 'கேன்சர் பேப்பர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது போனால் புற்றுநோயும் போகும் என்ற நினைப்பு. போவது தாள் மட்டுமே. எரிவது புகையிலை, அதிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வரும், புகையிலையைப் பதப்படுத்தும்போது உருவாகும், புற்றுநோய் தரும் நைட்ரோசமைன்களும் வரும். இங்கே "அது முட்டாள்தனம்" என்ற தொனி எடுபடாது. தன் உடம்பைக் காப்பாற்ற மெனக்கெடுகிற ஆள் அவர். அந்த அக்கறையை ஒப்புக்கொண்டு, "தாளை எடுத்தாலும் எரிவது அதே புகையிலைதான்" என்று சொல்வதே சரி.

மூன்றாவது, பிளன்ட். சிகரில்லோவைக் காலிசெய்து கஞ்சா நிரப்புவார்கள். "நான் புகையிலையே தொடுவதில்லை" என்று இவர்கள் மனதாரச் சொல்வார்கள். ஆனால் சுற்றியிருக்கும் உறையே புகையிலை இலையாலோ புகையிலைத் தாளாலோ ஆனது. அதிலும் நிகோடின் உண்டு. கஞ்சாவைப் பற்றி உபதேசம் ஆரம்பித்தால் அந்த நொடியே கேட்பவர் போய்விடுவார். உறையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

வாசகத்தில் பொருளின் பெயர், ஒரே ஒரு தீங்கு, அது எப்படி வருகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்ற நான்கும் இருந்தால் போதும். "சிகரில்லோவை உள்ளிழுக்காவிட்டாலும் நிகோடின் வாய் வழியே ஏறுகிறது" என்பது நிற்கும். "சுருட்டு புற்றுநோய், இதயநோய், பல்நோய் தரும்" என்று அடுக்கினால் எதுவும் மனதில் தங்காது. எஃப்.டி.ஏ. எழுதிய ஆறு எச்சரிக்கைகளில் முதல் பாணியில் ஒன்று இருந்தது: உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் வரலாம் என்று. பெட்டியின் முக்கியப் பக்கங்களில் 30 சதவீத இடத்தை அவை பிடிக்க வேண்டும் என்ற விதியை 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பெட்டி செய்யாததைப் பிரசாரம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

படத்தில் எரியும் சிகரில்லோவையும் சுருளும் புகையையும் அழகாகக் காட்டாதீர்கள். விட முயல்பவருக்கு அது ஆசையைக் கிளப்பும். ராப் பாடகர் போல உடுத்திய மாடலும், அலுவலகத்தில் உட்கார்ந்து கடன் வாங்கிய தெருமொழியும் வேண்டாம். அந்த ஆட்டத்தில் நிறுவனங்கள் கைதேர்ந்தவை. ஸ்விஷர் ஸ்வீட்ஸ் என்ற சுருட்டு பிராண்டு இசைக் கலைஞர்களுக்கென்றே தனித் திட்டம் நடத்தியது. எஃப்.டி.ஏ. 2015இல் ஹிப் ஹாப் ரசிகர்களுக்காகத் தொடங்கிய 'ஃப்ரெஷ் எம்பயர்' பிரசாரம் 12 முதல் 17 வயதினருக்கானது. 22 வயதுக்காரரிடம் அதை அப்படியே நீட்டினால் பள்ளிக்கூடப் பாடமாகத்தான் தெரியும்.

வெளியிடுமுன் சோதிக்க மூன்று கேள்விகள் போதும்: இந்த வாசகம் என்னைக் கவலைப்பட வைக்கிறதா, இந்தப் பொருளை விரும்பத்தகாததாக்குகிறதா, புகைக்கும் ஆசையைக் குறைக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். புகைக்காதவர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எல்லா வாசகமும் பிரமாதமாகத் தெரியும். பிளன்ட் மட்டும் பிடிப்பவர், பிளாஸ்டிக் முனை வைத்த வகை பிடிப்பவர், சிகரெட்டும் சேர்த்துப் பிடிப்பவர் என்று பிரித்துப் பாருங்கள்.

கடைசியில் புகையை விட உதவும் 1-800-க்விட்-நவ் தொலைபேசி எண்ணைப் போடுமுன் ஒரு முறை நீங்களே அழைத்துப் பாருங்கள். "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்று மறுமுனை தொடங்கினால், சிகரில்லோக்காரர் அங்கேயே வைத்துவிடுவார். விட உதவத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் அளவும் சிகரெட் எண்ணிக்கையை வைத்தே குறிக்கப்பட்டது: நாளுக்குப் பத்துக்கு மேல் என்றால் 21 மில்லிகிராம். சிகரில்லோவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் புகை என்று கேட்பது மேல். வாயில் கரையவிடும் நிகோடின் மாத்திரையான லாசெஞ்சுக்கு அதுதான் அளவுகோல்: அரை மணிக்குள் என்றால் 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு என்றால் 2. ஆலோசகரின் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு போஸ்டரை அச்சுக்கு அனுப்புங்கள்.