வலிக்காத புண்ணுக்கு யார் மலை இறங்குவார்?

காலா அசார் (ஒட்டுண்ணியால் வரும் கருங்காய்ச்சல்) என்றாலே பீகார், ஜார்க்கண்ட் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு போகிறது. அரசின் ஒழிப்புத் திட்டமும் அந்த இரண்டோடு உத்தரப்பிரதேசம், மேற்கு வங்கம் என நான்கு மாநிலங்களைத்தான் மையமாக வைத்திருக்கிறது. ஆனால் கேரளத்தில் நாங்கள் இருக்கிற வெள்ளறடைக்கு மேலே, அகத்தியமலைக் காட்டில் வாழும் காணிக்காரப் பழங்குடிகளுக்கும் அந்த ஒட்டுண்ணி வந்திருக்கிறது, அதையும் மணல் ஈதான் பரப்புகிறது.

வடக்கே காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமுமாக ஆளையே கொல்லும் லெய்ஷ்மேனியா டோனோவானி என்கிற அந்த ஒட்டுண்ணி, இங்கே தோலோடு நின்றுவிடுகிறது. இலங்கையிலும் அப்படித்தான். அகத்தியமலையில் தோல் நோய்க்குக் காரணம் இதுதான் என்று 2015-லேயே ஆய்வு வந்துவிட்டது.

காது, கன்னம், கை என்று துணி மூடாத இடத்தில் ஒரு பரு வரும். வலி இருக்காது. மாசக்கணக்கில் பெருத்து நடுவில் புண்ணாகும். வலிக்காத புண்ணுக்காக ஒரு நாள் கூலியை விட்டு, காட்டு வழி நடந்து, ஜீப் பிடித்து வந்து யார் வரிசையில் நிற்பார்? எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டுவரும் காணிக்கார அண்ணன் ஒருவர் வந்தார். காது மடலில் இருந்த கட்டிக்கு ஓர் ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள், இன்னொரு இடத்தில் தொழுநோயாக இருக்குமோ என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. புண்ணின் ஓரத்தைக் கீறி ஸ்மியர் எடுத்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடுகிற நோய் இது, 1903-லேயே சென்னை பொது மருத்துவமனையில் டோனோவன் என்கிற டாக்டர் அந்த ஒட்டுண்ணியைப் பார்த்துவிட்டார். 1987-ல் ஆரோக்கியப்பச்சை என்கிற மூலிகையை விஞ்ஞானிகளுக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் காணிக்காரர்கள், அவர்களுக்கு ஒரு ஸ்மியர் எடுக்க ஆள் இல்லையா?

மணல் ஈ கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சத்தமே கேட்காது, தத்தித் தத்திப் பறக்கும், சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். தண்ணீரில் முட்டையிடாது என்பதால் 'தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்' என்கிற வழக்கமான பிரசாரத்தால் இங்கே பயனில்லை. ஈரமண், மக்கிய இலை, சாணம், சுவர் வெடிப்பு, இவைதான் அதற்கு வசதி, மண்சுவர் வீட்டைச் சுற்றி இதெல்லாம் தானாகவே இருக்கும். சுவர் வெடிப்பைப் பூசவும் மருந்து தோய்த்த பொடிக்கண் வலை வாங்கவும் உதவி கிடைத்தால் நிறைய மாறும்.

அப்புறம் சிகிச்சை. கோட்டூர்ப் பக்கமும் சரி, தமிழ்நாட்டில் பேச்சிப்பாறைப் பக்கமும் சரி, காணிக்குடிகளுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த நோயை அடையாளம் காணப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஊசி மருந்தைப் புண்ணுக்குள்ளேயே பல தடவை போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கி வரச் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால் மருந்தோடு நர்ஸ்தான் மேலே ஏறிப் போக வேண்டும்.