வெற்றுக் குழாயில் விழுந்த கோடு

பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டார். விளையாட்டுப் போட்டி, விடுதிக் குறும்பு எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் பள்ளிக்கு வெளியே கழித்த 6 வாரங்களைப் பற்றி எழுதுகிறேன். அதற்கும் வழிவிட்டது நம் உயிரியல் ரீச்சர்தான்.

மேல்வகுப்பு விடுமுறையில், தனக்குத் தெரிந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அவர் கடிதம் கொடுத்து என்னை அனுப்பினார். "கேள்வி கேட்பான், சாமான் உடைக்கமாட்டான்" என்று எழுதியிருந்தாராம். இரண்டாவது பாதி சுத்தப் பொய். பள்ளி ஆய்வுகூடத்தில் இரண்டு கண்ணாடிக் குவளைகள் என் கணக்கில் இருந்தன.

டிஎன்ஏ கனவோடு போனவனுக்குக் கிடைத்தது மிகச் சிறு அளவு திரவத்தை உறிஞ்சி எடுக்கும் ஒரு மைக்ரோபிப்பெட், ஒரு தராசு, கொஞ்சம் தண்ணீர். 100 மைக்ரோலீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 100 மில்லிகிராம் இருக்கும். அதைப் பத்துத் தடவை எடுத்து, நிறுத்து, எழுத வேண்டும். என் எண்கள் 91, 104, 97 என்று துள்ளின. எனக்குப் பொறுப்பாயிருந்த ஆராய்ச்சி மாணவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சிரித்துவிட்டு, "பெருவிரலை மெதுவாக விடு, அவசரப்பட்டால் காற்றும் சேர்ந்து ஏறும்" என்றார். மூன்றாம் நாள்தான் எண்கள் அடங்கின.

இரண்டாம் வாரம் பிசிஆர், அதாவது டிஎன்ஏயின் ஒரு பகுதியைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை. 95 பாகை வெப்பத்தில் டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் பிரியும். சுமார் 55 பாகைக்குக் குளிர்ந்ததும் பிரைமர்கள் என்ற சிறு டிஎன்ஏ துண்டுகள் போய் ஒட்டும். 72 பாகையில் நொதி புதிய இழையை நீட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பதால், 30 சுற்று முடியும்போது ஒரு மூலக்கூறு கணக்குப்படி 100 கோடியைத் தாண்டிவிடும். இவ்வளவு சூட்டிலும் கெடாத அந்த நொதி, வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து வந்தது. யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் 1966இல் அந்தப் பாக்டீரியாவைப் பிடித்த தாமஸ் பிராக்கோடு வேலை செய்த ஹட்சன் ஃபிரீஸ் அப்போது பட்டப்படிப்பு மாணவர். இதை அக்கா சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் வந்தது வினை. வேறு டிஎன்ஏ எதுவும் கலந்துவிட்டதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுவோம். பெருகிய டிஎன்ஏயைக் கோடாகக் காட்டும் கூழ்ப் பலகைதான் ஜெல்; அதில் அந்தக் குழாய்க்குரிய இடம் வெறுமையாக இருக்க வேண்டும். என் ஜெல்லில் அங்கேயும் பளிச்சென்று ஒரு கோடு. மறுநாளும் அதே கோடு. மூன்றாம் நாள், அந்த வெற்றுக் குழாயை ஜெல்லில் ஏற்றாமலே விட்டால் என்ன என்றுகூட எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா திட்டவில்லை. "கொப்பியைக் கொண்டு வா" என்றார். எந்த மேசையில் கலந்தேன், கலவைக்கான தண்ணீர் இருந்த எந்தச் சிறு குழாயைத் திறந்தேன் என்று எல்லாம் அதில் இருந்தது. எழுதாவிட்டால் அவர் வீட்டுக்கு விடமாட்டார். பார்த்தால், முதல் நாள் பெருக்கிய டிஎன்ஏயைத் திறந்த அதே மேசையில், அதே பிப்பெட்டால், மறுநாளுக்கான கலவையைச் செய்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிதறல் போதும், மிச்சத்தை 30 சுற்றும் பார்த்துக்கொள்ளும். கலக்கும் இடத்தை அடுத்த அறைக்கு மாற்றினோம். புதுத் தண்ணீர், பிப்பெட்டுக்கு வடிகட்டி உள்ள முனைகள். நான்காம் நாள் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒரு வெற்று இடத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தது அன்றுதான். மீதி வாரங்கள் எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

இப்போது என் ஆய்வுகூடத்துக்கும் விடுமுறை தோறும் ஓரிரு பள்ளி மாணவர்கள் வருகிறார்கள். பெற்றோர் முதலில் கேட்பது, "ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருமா?" 6 வாரத்தில் வராது என்றால் முகம் வாடிவிடும். பணம் வாங்கிக்கொண்டு கட்டுரைக்கு உறுதி தருபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். சர்வதேச அறிவியல் போட்டியான ஐசெஃப் போன்றவற்றுக்குப் போக நினைப்பவர்களுக்கு இன்னொன்று: மனிதர்களையோ முதுகெலும்புள்ள விலங்குகளையோ வைத்து ஆய்வு செய்தால் தொடங்கும் முன்பே அனுமதி வேண்டும். வகுப்புத் தோழர்களிடம் கேள்வித்தாள் கொடுப்பதும் இதில் சேரும். முடித்தபிறகு கையெழுத்துக்கு ஓடி வந்து பயனில்லை.

சேர விரும்புகிறவர்கள் நீளமாகப் புகழ்ந்து எழுத வேண்டாம். நாங்கள் செய்யும் வேலையில் ஒன்றைப் படித்து, புரியாத ஒரு இடத்தைக் கேட்டு நாலு வரி எழுதினால் போதும். அப்படித்தான் போன விடுமுறையில் ஒரு பையன் வந்தான். முதல் வாரம் அவனுக்கும் தண்ணீர்தான். பத்து எண்களில் ஒன்பது 99, 100 என்று ஒழுங்காக இருந்தன. ஏழாவது மட்டும் 108. அடித்துவிடலாமா என்று அவன் கேட்கவில்லை. பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தான்: "இந்த நேரம் யாரோ கதவைத் திறந்தார்கள். காற்றில் தராசு ஆடியது."

திறந்தது நான்தான்.